குதிக்கலைன்னா கட்டைவிரலைத் திட்டாதீங்க!

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் சண்டை போடுற மூடுல இருக்கேன். முன்னாடியே சொல்லிட்டேன். :-)

விஷயம் இதுதான். ஒரு கேம் எழுதறோம். கன்ட்ரோலரில் ஏ பட்டனை அழுத்தினா ஹீரோ குதிக்கணும். பத்து தடவை அழுத்தினா ஒன்பது தடவை குதிக்கிறான். பத்தாவது தடவை பள்ளத்துல விழுந்து சாகறான். ஆடினவர் சொல்றார், "நான் அழுத்தினேங்க." எழுதினவர் சொல்றார், "லேட்டா அழுத்தியிருப்பீங்க." இன்னும் வற்புறுத்திக் கேட்டா, "உங்க கன்ட்ரோலர் மட்டம், நல்லதா ஒண்ணு வாங்குங்க."

இந்த பதிலைத்தான் எனக்குத் தாங்க முடியல. பட்டனை அழுத்தறது ஆடறவர் நம்மகிட்ட சொல்ற ஒரு சொல். அந்தச் சொல் கம்ப்யூட்டர் வரைக்கும் வந்து சேர்ந்துட்டு, அதுக்கப்புறம் நம்ம நிரலுக்குள்ள தொலைஞ்சா, குத்தவாளி எழுதினவர்தான். விரலும் இல்ல, கன்ட்ரோலரும் இல்ல. கோர்ட்டுல சொல்ற மாதிரி, கன்ட்ரோலர் மேல சந்தேகப்படறதுக்கு முன்னாடி நம்ம நிரல் தன்னை நிரபராதின்னு நிரூபிக்கணும். பெரும்பாலும் அதால முடியாது. ஏன்னு சொல்றேன்.

அந்த ஒரு வரி

எந்தப் பாடத்தை எடுத்தாலும் முதல் பக்கத்துல இருக்கிற வரி இது: ஒவ்வொரு ஃப்ரேமிலும், "ஏ பட்டன் இப்போ அழுத்தி இருக்கா? இருந்தா குதி." அவ்வளவுதான். படிக்க அழகா இருக்கு. முதல் நாளே வேலையும் செய்யும். அதனாலதான் ஆபத்து.

நம்மூர் பஸ்ஸில் கண்டக்டர் விசில் தெரியும்ல? ஒரு விசில்னா நிறுத்து, ரெண்டு விசில்னா போலாம் ரைட். இப்போ டிரைவர் காதுல பஞ்சை அடைச்சிக்கிட்டு, அப்பப்போ பஞ்சை எடுத்து "இந்த நிமிஷம் விசில் சத்தம் வருதா?"ன்னு மட்டும் பார்க்கிறார்னு வைங்க. ரெண்டு விசில் அவருக்கு ஒரு விசிலா கேக்கும். சில சமயம் ஒண்ணுமே கேக்காது. ஒரே நீள விசிலை ரெண்டு தடவை பஞ்செடுத்து கேட்டுட்டு, ரெண்டு விசில்னு நினைச்சு வண்டியை எடுத்துடுவார். படியில கால் வச்சவர் கதி?

அந்த ஒரு வரியும் இந்த டிரைவர்தான். விசில்ங்கிறது ஒரு நிகழ்ச்சி. அதுக்கு எண்ணிக்கை உண்டு, வரிசை உண்டு, நேரம் உண்டு. "இப்போ சத்தம் வருதா"ங்கிறது வெறும் நிலை. நிலையை மட்டும் பார்த்து நிகழ்ச்சியை ஊகிக்கிற நிரல் என்னிக்காவது ஒரு நாள் கவுத்துவிடும்.

"அதெல்லாம் 60 ஃப்ரேமில் தப்பாதுப்பா"

இதுதான் எதிர்க்கட்சியோட பலமான வாதம். நியாயமா பார்ப்போம். வினாடிக்கு 60 ஃப்ரேம்னா ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி செகண்ட். மனுஷன் எவ்வளவு வேகமா தட்டினாலும் விரல் இறங்கி ஏற பல பத்து மில்லி செகண்ட் ஆகும். அதனால 60 ஃப்ரேம் ஒழுங்கா ஓடினா அழுத்தம் தப்பாது. சரிதான், ஒத்துக்கறேன்.

ஆனா "ஒழுங்கா ஓடினா"ன்னு ஒரு வார்த்தை நடுவுல இருக்கு பாருங்க. 1980களில் ஜப்பான்ல ஹட்சன் கம்பெனியின் தகஹாஷி மெய்ஜின்னு ஒருத்தர், வினாடிக்கு 16 தடவை பட்டன் தட்டுவார்னே பேர் வாங்கினவர். ஒரு தட்டுக்கு 62.5 மில்லி செகண்ட். ஒவ்வொரு தட்டையும் தனியா எண்ணணும்னா அதுக்குள்ள ஒரு தடவை "அழுத்தி இருக்கு", ஒரு தடவை "விட்டாச்சு"ன்னு ரெண்டு முறை பார்த்தாகணும். உங்க கேம் 30 ஃப்ரேமில் ஓடினா ரெண்டு பார்வைக்கு 66.7 மில்லி செகண்ட். கணக்குலயே இடிக்குது! அவர் தட்டினதுல சிலது காணாமப் போகும். அவர் மேல தப்பா?

"எல்லாரும் தகஹாஷியா?"ன்னு கேப்பீங்க. வேண்டாம், சாதாரண ஆளையே எடுத்துக்கோங்க. திரையில பத்து எதிரிங்க ஒரே நேரத்துல வெடிக்கிறாங்க, டிஸ்க்ல இருந்து ஒரு சத்தக் கோப்பு ஏறுது, ஃப்ரேம் ஒண்ணு 200 மில்லி செகண்ட் இழுத்துடுது. அந்த இடைவெளியில ஆடறவர் அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி, விட்டுட்டார். நிரல் கண்ணைத் திறந்து பார்க்குது: பட்டன் சும்மா இருக்கு. முன்னாடியும் சும்மா இருந்தது. ஆக, ஒண்ணுமே நடக்கல! பத்து எதிரி வெடிக்கிற நேரம்தான் குதிச்சாகணும்ங்கிறதையும் சேர்த்து யோசிங்க. உயிர் போற நேரத்துல மட்டும் காது கேக்காத டிரைவர்.

நல்ல பொட்டி வாங்கினா இன்னும் மோசம்

யூனிட்டியில் எழுதறவங்களுக்கு இது தனியா. பழைய இன்புட் முறையில் "இந்த ஃப்ரேமில் புதுசா அழுத்தினாங்களா"ன்னு கேட்கிற ஃபங்ஷன், அந்த ஒரே ஃப்ரேமுக்கு மட்டும்தான் ஆமாம் சொல்லும். நம்மாளுங்க அதைக் கொண்டுபோய் ஃபிக்ஸ்டு அப்டேட்டுக்குள்ள வைப்பாங்க. ஃபிசிக்ஸ் எல்லாம் அங்கதானே இருக்கு, குதிக்கிறதும் அங்கயே இருக்கட்டும்னு.

ஃபிக்ஸ்டு அப்டேட் சும்மா விட்டா 0.02 செகண்டுக்கு ஒரு தடவை, அதாவது வினாடிக்கு 50 தடவை ஓடும். கேம் 144 ஃப்ரேமில் ஓடினா, 94 ஃப்ரேமில் ஃபிக்ஸ்டு அப்டேட் ஓடவே ஓடாது. அந்த 94ல் ஏதாவது ஒண்ணுல அழுத்தம் விழுந்தா போச்சு. மூணுல ரெண்டு அழுத்தம் கிட்டத்தட்ட காலி. இன்னொரு பக்கம், பொட்டி திணறி ஃப்ரேம் இழுத்தா ஒரே ஃப்ரேமுக்குள்ள ஃபிக்ஸ்டு அப்டேட் மூணு நாலு தடவை ஓடும். அப்போ ஒரு அழுத்தம் நாலா தெரியும். ஹீரோ ஆகாசத்துல டபுள் ஜம்ப் அடிப்பான்.

எழுதினவர் பொட்டியில சரியா இருக்கும், அதனால "என் கிட்ட வேலை செய்யுதே"ன்னு சொல்லுவார். காசு போட்டு நல்ல பொட்டி வாங்கினவர்தான் பள்ளத்துல விழுந்துக்கிட்டே இருப்பார். யூனிட்டியோட கையேட்டுலயே இதை அப்டேட்டில் படிங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. யாரு படிக்கிறா?

200 மில்லி செகண்ட் தூக்கம்

அடுத்தது என் பரம எதிரி. ஒரு தடவை அழுத்தினா மெனுவில் மூணு வரி தாண்டிப் போகுது. ஏன்? அழுத்தி இருக்கிற ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒரு வரி நகர்த்தறாங்க. இதுக்கு மருந்து எளிசு: போன தடவை பார்த்த நிலையை ஞாபகம் வச்சிக்கோ, போன தடவை அழுத்தாம இருந்து இப்போ அழுத்தி இருந்தா மட்டும் நகர்த்து. ரெண்டு வரி வேலை.

நம்மாளுங்க என்ன பண்றாங்க? "ஒரு அழுத்தம் வந்தா 200 மில்லி செகண்டுக்கு வேற எதையும் கவனிக்காதே." கேட்டா "டிபவுன்ஸ்"னு பேர் சொல்லுவாங்க. அடப்பாவிகளா! டிபவுன்ஸ்ங்கிறது ஸ்விட்ச்சோட உலோகம் ஒட்டும்போது சில மில்லி செகண்ட் துள்றதுக்கான வைத்தியம். அதைப் பெரும்பாலும் கன்ட்ரோலருக்குள்ள இருக்கிற சில்லே பார்த்துக்கும். 200 மில்லி செகண்ட் தூங்கினா வினாடிக்கு 5 தட்டுக்கு மேல ஏத்துக்கவே மாட்டீங்கன்னு அர்த்தம். தகஹாஷியோட 16ல் குறைஞ்சது 11 குப்பைக்கு.

ஒண்ணு சொல்லணும். கை நடுக்கம் இருக்கிறவங்களுக்கு, தெரியாம ரெண்டு தடவை பட்டுடறதைத் தவிர்க்க இப்படி ஒரு தாமதம் நிஜமாவே உதவும். அது செட்டிங்ஸ்ல அவங்க தேர்ந்தெடுக்கிறதா இருக்கணும். எல்லார் தலையிலும் கட்டக் கூடாது.

விடாத பட்டன்

அழுத்தம் தொலையறதை மட்டும் பேசிக்கிட்டு இருக்கோம். விடுகை தொலைஞ்சா? ஓடற பட்டனை அழுத்திப் பிடிச்சிருக்கீங்க, அந்த நேரம் ப்ளூடூத் அறுந்துடுது, இல்ல பேட்டரி போயிடுது. "விட்டாச்சு"ங்கிற சேதி வரவே வராது. ஹீரோ சுவத்துல முட்டிக்கிட்டே ஓடிக்கிட்டு இருப்பான். வேற ஜன்னலுக்குத் தாவிட்டு திரும்பி வந்தாலும் இதே கதை.

லினக்ஸில் இதை எவ்வளவு நேர்மையா பண்ணியிருக்காங்க தெரியுமா? எவ்டெவ் வழியா படிக்கிற நிரல் மெதுவா இருந்து, கெர்னலோட பஃபர் நிரம்பி வழிஞ்சா, கெர்னல் கமுக்கமா இருக்காது. "சின் ட்ராப்டு"ன்னு ஒரு சேதி போடும். அதாவது, "தம்பி, சிலது கொட்டிப் போச்சு, உன் கையில இருக்கிற கணக்கை நம்பாதே." அது வந்தா அடுத்த ரிப்போர்ட் முடியற வரைக்கும் வர்றதையெல்லாம் தள்ளிட்டு, எந்தெந்த பட்டன் இப்போ அழுத்தி இருக்குன்னு கெர்னல்கிட்ட நேரா கேட்டு கணக்கை சரி பண்ணிக்கணும். இதைக் கண்டுக்காத நிரல்தான் பட்டன் ஒட்டிக்கிச்சுன்னு கன்ட்ரோலரைக் கழட்டித் துடைக்க வைக்குது.

இங்க தான் நிலையோட உண்மையான உபயோகம். நிகழ்ச்சியை வச்சு கேமை நடத்து, நிலையை வச்சு கணக்கை சரிபார். வீட்டுச் செலவை நோட்டுல எழுதற மாதிரி. ஒவ்வொரு செலவையும் எழுதிக்கிட்டே வரணும், ராத்திரி பர்ஸை எண்ணிப் பார்த்துக்கணும். பர்ஸை மட்டும் எண்ணிக்கிட்டு இருந்தா காசு எங்க போச்சுன்னு தெரியாது.

கொஞ்சம் கொசுவத்தி

"சின்ன கேம் தானே, இவ்வளவு எதுக்கு?"ன்னு கேக்கறவங்களுக்காக சுத்தறேன். நின்டெண்டோவோட ஃபேமிகாம் 1983ல் வந்தது. உள்ள 2 கிலோபைட் ராம். கன்ட்ரோலரில் 8 பட்டன், ஒவ்வொரு பிட்டா வரிசையா படிக்கணும். அதுல ஒரு வன்பொருள் கோளாறு இருந்தது: பதிவு செஞ்ச ஒலியை சில்லு இழுத்து வாசிக்கிற அதே நொடியில் கன்ட்ரோலரைப் படிச்சா, ஒரு பிட் நழுவிடும். அதனால யாரும் தொடாமலே வலது பக்கம் அழுத்தின மாதிரி தெரியும்.

அந்தக் காலத்து ஆளுங்க "உங்க கன்ட்ரோலர் சரியில்ல"ன்னு சொல்லல. கன்ட்ரோலரை ரெண்டு தடவை படிச்சாங்க. ரெண்டும் ஒத்துப் போகலைன்னா ஒத்துப் போற வரைக்கும் திரும்பப் படிச்சாங்க. 1988ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3 அப்படித்தான் பண்ணுது. 2 கிலோபைட்ல அவங்க காட்டின மரியாதையை, ஜிகாபைட் ஜிகாபைட்டா வச்சிக்கிட்டு நம்மால காட்ட முடியலைன்னா, அதுக்குப் பேர் சோம்பேறித்தனம். வேற நல்ல வார்த்தை தெரியல.

"லைப்ரரியே பார்த்துக்கும்"

பாதி நிஜம். எஸ்டிஎல் மாதிரி நல்ல லைப்ரரி நிகழ்ச்சிகளை வரிசையா, நேர முத்திரையோட கொடுக்கும். எஸ்டிஎல் 2ல் அந்த முத்திரை மில்லி செகண்டில், 3ல் நானோ செகண்டில். ஆனா அந்த வரிசையை வாங்கி மூலையில போட்டுட்டு, திரும்பவும் "இப்போ அழுத்தி இருக்கா"ன்னு கேட்டுக்கிட்டு இருந்தா லைப்ரரி என்ன செய்யும் பாவம்.

பெரும்பாலும் நிலையையே தர்ற இடங்களும் உண்டு. விண்டோஸின் எக்ஸ்இன்புட் அப்படி. பிரவுசரின் கேம்பேட் ஏபிஐயும் அப்படி, பட்டனுக்குன்னு நிகழ்ச்சியே கிடையாது. "அப்போ நாங்க என்ன பண்றது?" நியாயமான கேள்வி. எக்ஸ்இன்புட்னா, கன்ட்ரோலரைப் படிக்கிற வேலையைத் தனி த்ரெட்டில் போட்டு, படம் வரையற வேகத்தோட முடிச்சுப் போடாம அடிக்கடி படிங்க. மாற்றங்களை நேரத்தோட வரிசையில் சேர்த்து வைங்க. காலியா இருக்கிற இடங்களை ஒவ்வொரு ஃப்ரேமும் போய் தட்டாதீங்க, சில செகண்டுக்கு ஒரு தடவை பார்த்தா போதும்னு மைக்ரோசாஃப்டே எழுதி வச்சிருக்கு. நாலு இடத்துல மூணு காலியா இருக்க, மூணையும் தட்டி ஃப்ரேமை இழுக்க வச்சு, அந்த இழுப்பிலேயே நாலாவது ஆளோட அழுத்தத்தை விழுங்கற நிரலும் இருக்கு. சிரிக்கிறதா அழறதா?

பிரவுசர்ல அவ்வளவு வசதி இல்ல. அங்க ஃப்ரேமை இழுக்க விடாம வச்சிக்கிறதே இன்புட் வேலையோட பாதி. ஒவ்வொரு தடவையும் கன்ட்ரோலர் தகவலைப் புதுசா கேட்டு வாங்குங்க. குரோமில் பழைய பொருளைக் கையில வச்சிக்கிட்டு இருந்தா அது பழைய படத்தையே காட்டிக்கிட்டு இருக்கும்.

மட்டமான கன்ட்ரோலர்னு யாரைச் சொல்றீங்க?

கடைசியா இது. எண்ணை வச்சு "பட்டன் 0ன்னா குதி"ன்னு எழுதறாங்க. ஒரு கன்ட்ரோலரில் 0 கீழே இருக்கும், ரிச்சி தெருவில் வாங்கின பேர் இல்லாத யூஎஸ்பி கன்ட்ரோலரில் அது மேலே இருக்கலாம். எழுத்தும் உதவாது. எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே, நின்டெண்டோவில் ஏ வலது பக்கம். அதனாலதான் லினக்ஸ் கெர்னலும் எஸ்டிஎல் 3ம் தெற்கு, கிழக்கு, மேற்கு, வடக்குன்னு திசையால பேர் வச்சிருக்காங்க. அந்தப் பட்டியலைப் பயன்படுத்துங்க. அதுக்கும் மேல, ஆடறவரே பட்டனை மாத்திக்க ஒரு பக்கம் வைங்க. 2018ல் மைக்ரோசாஃப்ட், கை கால் முழுசா இயங்காதவங்களுக்காக அடாப்டிவ் கன்ட்ரோலர்னு ஒண்ணு கொண்டுவந்தது. ஒரு பட்டனை முழங்கையாலயோ பாதத்தாலயோ அழுத்தறவர் அதுக்கு எவ்வளவு சிரமப்பட்டிருப்பார்! அவர் அழுத்தின ஒண்ணை உங்க லூப் தொலைச்சா, "லேட்டா அழுத்தினீங்க"ன்னு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வீங்களா?

விரல் இழுக்கிற ட்ரிக்கர் பட்டனும் இந்தக் கணக்கில் சேர்த்தி. எக்ஸ்இன்புட்டில் அது 0 முதல் 255 வரை எண் தரும். ஒரே கோடு போட்டு "30ஐத் தாண்டினா சுடு"ன்னு எழுதினா, விரல் 30ல் லேசா ஆடும்போது துப்பாக்கி படபடன்னு தானா சுடும். ரெண்டு கோடு போடணும்: 40க்கு மேல போனா அழுத்தினதா எடுத்துக்கோ, 25க்குக் கீழ வந்தா விட்டதா எடுத்துக்கோ. நடுவுல ஆடினா பழைய நிலையே தொடரட்டும்.

இதுக்கெல்லாம் மேல ஒரு படி உண்டு. ஹீரோ தரையைத் தொட ஒரு மூச்சு முன்னாடி ஆடறவர் அழுத்திட்டார். சட்டப்படி பார்த்தா அது செல்லாது. 2018ல் வந்த செலஸ்ட் அந்த அழுத்தத்தைத் தூக்கிப் போடாம கொஞ்ச நேரம் கையில வச்சிருந்து, கால் தரையில பட்டதும் குதிக்க வைக்கும். கஷ்டமான கேம்னு பேர் வாங்கினது அது. ஆனா ஆடறவங்க "அநியாயமா செத்தேன்"னு சொல்றது குறைவு. இதைப் பண்ணணும்னா அழுத்தம் எப்போ நடந்ததுன்னு நேரம் தெரியணும். அந்த ஒரு வரிக்கு நேரமே தெரியாதே!

பேசினது போதும். உங்க கேமை மூணு பரீட்சை எழுத வைங்க.

1. வேணும்னே லூப்புக்குள்ள 200 மில்லி செகண்ட் தாமதத்தைப் போட்டு, அந்த நேரத்துல பட்டனை மூணு தடவை தட்டுங்க. நிரல் மூணுன்னு எண்ணுதா?

2. ஓடற பட்டனை அழுத்திப் பிடிச்சிக்கிட்டே ஒயரைப் பிடுங்குங்க. ஹீரோ நிக்கிறானா?

3. இடைநிறுத்த மெனுவில் "தொடரவும்"ங்கிறதை ஏ பட்டனால அழுத்தி வெளியே வாங்க. ஹீரோ சும்மா நிக்கிறானா, இல்ல அந்த அழுத்தத்தையே ரெண்டாவது தடவை தின்னுட்டு குதிக்கிறானா? ஒரு அழுத்தம் ஒருத்தருக்குத்தான் சொந்தம்.

மூணுலயும் பாஸ் ஆனீங்கன்னா, அப்புறம் ஆடினவர் விரலைப் பத்திப் பேசலாம். அது வரைக்கும் "நான் அழுத்தினேங்க"ன்னு ஒருத்தர் சொன்னா, அவர் அழுத்தினார்னு நம்பிட்டு லூப்பைத் திறந்து பாருங்க.

டிஸ்கி: 200 மில்லி செகண்ட் தூங்கற நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா கோச்சுக்காதீங்க. எனக்குக் கோபமெல்லாம் அந்த வரி மேலதான். :-)